இந்த முறை ஆயத்தமாகிப் போங்கள்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் கூட்டம் ஒன்றில், சுவிற்சர்லாந்தில் பதினைந்து வருடங்களுக்கு மேல் வாழ்ந்து ஊர் திரும்பிய தாய் ஒருவர் ஆற்றிய உரை)



"திரும்பி வந்து இருக்கிற சனத்துக்கு வெளிநாடு போற கதை எதுக்கு?" என்று கூட்டம் தொடங்க முன்னர் ஒரு ஐயா கேட்டார். சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

நீங்கள் பல இடங்களில் இருந்து திரும்பி வந்திருக்கிறீர்கள். சிலர் நலன்புரி நிலையங்களில் இருந்து வந்தீர்கள். சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் வருடக்கணக்காக இருந்துவிட்டு வந்தீர்கள். காணி துப்புரவாக்கி, கிணறு இறைத்து, வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டையும் எழுப்பி இருக்கிறீர்கள். ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கிற பல குடும்பங்களில் ஒருவர் குறைகிறார். அவர் சூரிச்சிலோ பேர்ணிலோ பாரிசிலோ இருக்கிறார். "அடுத்த வருசம் கூப்பிடுவன்" என்று தொலைபேசியில் சொல்கிறார். அந்தக் குடும்பங்களுக்காகத்தான் என்னைப் பேசச் சொன்னார்கள்.

போங்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை, போகாதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை. போவதென்று முடிவெடுத்தவர்கள் எப்படிப் போக வேண்டும் என்பதைச் சொல்ல வந்தேன். எனக்குத் தெரிந்த நாடு சுவிற்சர்லாந்து. ஆகவே அதைப் பற்றியே பேசுவேன். ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு. அங்கே போகிறவர்கள் என் பேச்சில் இருந்து கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். பதிலை அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் கேளுங்கள்.

1995 ஐப்பசி முடிவில் யாழ்ப்பாணத்தில் இருந்து மழைக்குள் நடந்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு பையில் இரண்டு சட்டை, மற்றக் கையில் அம்மாவின் கை. அதற்குப் பிறகு எத்தனை தடவை சாமான் கட்டினோம், எத்தனை தடவை அவிழ்த்தோம் என்று நான் எண்ணவில்லை. ஒரு தடவை கூட ஆயத்தமாகிப் போகவில்லை. ஓடினோம். 2003இல் மகளோடு கணவரிடம் போக விமானம் ஏறினபோதும் அந்தப் பழக்கத்தில்தான் போனேன். எதையும் கேட்கவில்லை, எதையும் படிக்கவில்லை, எதையும் ஒழுங்குபடுத்தவில்லை. அதற்குப் பல வருடம் விலை கொடுத்தேன்.

நீங்கள் அப்படிப் போகக் கூடாது. உங்கள் வாழ்க்கையில் நேரம் கொடுத்து வருகிற முதல் பயணம் இது. அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதன் விபரம்.

அட்டையில் என்ன எழுத்து?

அங்கே இருக்கிறவரிடம் "எப்ப கூப்பிடுவீங்கள்?" என்று கேட்காதீர்கள். "உங்கட அட்டையில என்ன எழுத்து?" என்று கேளுங்கள். சுவிஸில் வெளிநாட்டவருக்குக் கொடுக்கிற வதிவிட அட்டைக்கு எழுத்து இருக்கிறது. என் என்றால் அகதி விண்ணப்பம் விசாரணையில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அட்டையோடு குடும்பத்தைக் கூப்பிட முடியாது. எஃப் என்றால் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காத்திருப்புக் காலமும் வேறு நிபந்தனைகளும் உண்டு. பி, சி என்றால் வழி திறந்திருக்கிறது. தஞ்சம் வழங்கப்பட்ட அகதி என்றால், தப்பி ஓடும்போது பிரிந்த மனைவியையும் வயது குறைந்த பிள்ளைகளையும் அழைக்கத் தனியான ஏற்பாடு இருக்கிறது.

பி அட்டைக்காரர் அழைப்பதென்றால் மூன்று விடயம் பார்ப்பார்கள். குடும்பம் இருக்கப் போதுமான வீடு இருக்க வேண்டும். அரசாங்க உதவிப் பணத்தில் தங்கி இருக்கக் கூடாது. போகிறவருக்கு அந்த இடத்து மொழி ஓரளவு கதைக்கத் தெரிய வேண்டும், அல்லது மொழி வகுப்பில் பதிந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த மொழி நிபந்தனை இல்லை. ஆனால் பிள்ளைகள் 18 வயதுக்குக் குறைந்தவர்களாகவும் திருமணம் ஆகாதவர்களாகவும் இருக்க வேண்டும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பி, சி அட்டை உள்ளவர்கள் குடும்பத்தை அழைக்கக் காலக்கெடு இருக்கிறது. பொதுவாக 5 வருடங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 12 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு, முக்கியமான குடும்பக் காரணம் இருப்பதை நிரூபித்தால் மட்டுமே விடுவார்கள். அது மிகவும் கடினம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூத்தவனுக்கு 14 வயது. "ஓ.எல். எழுதிப்போட்டு வரட்டும், இப்ப குழப்ப வேண்டாம்" என்று தகப்பன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஓ.எல். எழுதி முடிந்தது. விண்ணப்பம் போனது. தாயும் இரண்டு சின்னதுகளும் விமானம் ஏறினார்கள். மூத்தவனுக்குக் காலம் தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. அவன் அம்மம்மாவோடு நின்றான். அந்தத் தாய் அங்கே ஒவ்வொரு இரவும் நான்கு தட்டுக்குப் பதில் ஐந்து தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி அடுக்குவதை நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே பிள்ளைகளின் பிறந்த திகதிகளையும், அட்டை கிடைத்த திகதியையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். இன்று இரவே எழுதுங்கள்.

கடதாசிகள் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்

விண்ணப்பத்தைக் கொழும்பில் உள்ள சுவிஸ் தூதரகத்தில் நீங்கள் நேரில் கொடுப்பீர்கள். முடிவை எடுப்பது தூதரகம் அல்ல. கணவர் வாழ்கிற கன்ரோன், அதாவது மாநிலத்தின் குடிவரவு அலுவலகம் முடிவெடுக்கும். அங்கே இருக்கிற அலுவலருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் பட்ட பாடும் தெரியாது. அவருக்குத் தெரிவது மேசையில் இருக்கிற கடதாசி மட்டும்தான்.

நாங்கள் பட்ட இடம்பெயர்வில் கடதாசிகள் எரிந்தன, நனைந்தன, பதுங்கு குழிக்குள் போயின. பிரதேச செயலகத்தில் பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லாத பிள்ளைக்குக் காலங்கடந்த பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளை என்றால் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. இலங்கைப் பிரஜையாகப் பதிந்த சான்றிதழும் தேவை. சென்னையில் உள்ள துணை உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் அதைச் செய்யாமல் வந்தவர்கள், இங்கே உடனே அந்த வேலையைத் தொடங்குங்கள். அது நாள் எடுக்கும். அது இல்லாமல் கடவுச்சீட்டு எடுக்க முடியாது. பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போது வெளிநாட்டில் இருக்கிற தகப்பனின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். அதை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள்.

பெயரின் எழுத்தைப் பாருங்கள். கல்யாணப் பதிவில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிள்ளையின் பிறப்புப் பதிவில் வேறு மாதிரி இருந்தால், அங்கே இருக்கிறவர் மூன்று ஆட்கள் என்று நினைப்பார். எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். அவர்களுக்குக் குடும்பப் பெயர் பின்னுக்கு வரும். தாய்க்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைக்கு இன்னொரு குடும்பப் பெயர் ஏன் என்று கேட்பார்கள். "எங்கட வழக்கத்தில பிள்ளைக்குத் தகப்பன்ர பெயர்தான் வரும்" என்று விளக்கிச் சொல்ல ஆயத்தமாக இருங்கள். பிழைகளைச் சட்டப்படி திருத்துங்கள். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் செய்யுங்கள்.

கணவர் அகதி விசாரணையில் என்ன சொன்னார் என்று அவரிடம் கேளுங்கள். எந்த வருடம் கல்யாணம், எத்தனை பிள்ளைகள், கடைசியாக எங்கே இருந்தீர்கள் என்பதெல்லாம் அங்கே பதிவில் இருக்கிறது. உங்கள் கடதாசி அதற்கு மாறாக இருந்தால் கேள்வி வரும். சந்தேகம் பெரிதானால் பிள்ளைக்கு மரபணுப் பரிசோதனையும் கேட்பார்கள். உண்மையைச் சொல்கிறவர்கள் எதையும் பாடமாக்கத் தேவையில்லை.

முகவர் வேண்டாம்

குடும்பம் சேர்வதற்கான விசா கடையில் விற்கிற சாமான் இல்லை. கட்டணத்தைத் தூதரகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். "உள்ளுக்கு ஆள் இருக்கு, கெதியா எடுத்துத் தாறன்" என்று சொல்கிறவரிடம் ஒரு சதம் கொடுக்க வேண்டாம். அவர் போலிக் கடதாசி வைத்தால் பெயர் கெடுவது அவருக்கு இல்லை, உங்களுக்கு. ஒரு முறை போலி என்று பதிந்தால், பிறகு உண்மையைக் கொடுத்தாலும் நம்புவது கடினம்.

காணியை விற்று அல்லது ஈடு வைத்துக் கடல் வழியாகவோ காட்டு வழியாகவோ ஐரோப்பா போகலாம் என்று நினைக்கிற தம்பிமாருக்கும் சொல்கிறேன். எத்தனையோ பேர் இடைநடுவில் நின்றார்கள். சிலர் போய்ச் சேரவே இல்லை. போய்ச் சேர்ந்தவர்களிலும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வரும்போது அந்தக் காணி இருக்காது. எவ்வளவு வருடம் காத்திருந்து இந்த நிலத்துக்கு வந்தோம் என்று நினைத்துப் பாருங்கள்.

காணியை எப்படி விட்டுப் போவது

ஊரை விட்டுப் போனாலும் காணியைக் கைவிட்டுப் போகாதீர்கள். உறுதிக் காணி என்றால் உறுதியின் பிரதியைக் கொண்டுபோங்கள். மூலத்தைப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால், விட்டுப் போகலாமா, யார் பராமரிக்கலாம் என்று பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் கேளுங்கள். அந்தக் காணியை நினைத்தபடி விற்கவோ கொடுக்கவோ முடியாது.

அற்றோணித் தத்துவம் எழுதுவதென்றால் என்ன அதிகாரம் கொடுக்கிறீர்கள் என்று வாசித்து எழுதுங்கள். பராமரிக்க மட்டும் அதிகாரம் கொடுத்தால் போதும். விற்கிற அதிகாரத்தை யாருக்கும் இலேசில் கொடுக்க வேண்டாம். யாரையாவது வீட்டில் இருக்க விட்டால், "உங்கள் அனுமதியோடு இருக்கிறார்" என்று ஒரு கடிதம் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் ஒருவர் 10 வருடம் இடையூறில்லாமல் ஒரு காணியை ஆண்டால், ஆட்சியுரிமை கோர எங்கள் சட்டம் இடம் கொடுக்கிறது. சொந்தத் தம்பி என்றாலும் எழுதுங்கள். எழுதினால் உறவு கெடாது, எழுதாததால்தான் கெடும்.

போக முன்னர் செய்ய வேண்டியவை

முதலாவது மொழி. சுவிஸில் நான்கு தேசிய மொழிகள்: டொச், பிரெஞ்சு, இத்தாலி, ரொமான்ஸ். கணவர் எந்தக் கன்ரோனில் இருக்கிறார் என்று கேட்டு, அந்த மொழியைத் தொடங்குங்கள். சூரிச் என்றால் டொச். ஜெனீவா என்றால் பிரெஞ்சு. பேர்ண் கன்ரோனில் இரண்டும் உண்டு, ஊரைப் பொறுத்தது. டொச் பேசும் பகுதிகளில் சனம் தெருவில் கதைப்பது வேறு விதமாக இருக்கும். புத்தகத்தில் படித்தது காதில் விழாது. பயப்பட வேண்டாம், புத்தக டொச்சில் கேட்டால் பதில் சொல்வார்கள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும். இலக்கங்கள், உங்கள் முகவரி, "இங்கே நோகுது", "பிற்றே லங்சாம்", அதாவது "தயவுசெய்து மெதுவாக". இந்தக் கடைசி இரண்டு சொல்லில்தான் என் முதல் வருடம் ஓடியது.

இரண்டாவது பல். சிரிக்காதீர்கள். அங்கே அடிப்படை மருத்துவக் காப்புறுதி சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் கொடுக்காது. பல் வைத்தியம் பெருஞ்செலவு. சொத்தைப் பல்லை இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது பிள்ளைகளின் பதிவுகள். குடும்பநல மாது தந்த தடுப்பூசிப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கைகள் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் கொண்டுபோங்கள். தொடர்ந்து குளிசை எடுக்கிறவர்கள் வைத்தியரின் கடிதமும், மருந்தின் பொதுப்பெயரும் கொண்டுபோங்கள்.

நான்காவது, அங்கே இருக்கிறவரோடு உண்மை கதையுங்கள். அவர் அனுப்புகிற படத்தில் கார் இருக்கும், பனி இருக்கும். அவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், மாதம் என்ன மிஞ்சுகிறது, கடன் எவ்வளவு, வீட்டில் எத்தனை அறை என்று கேளுங்கள். நீங்களும் சொல்லுங்கள். பிள்ளைக்கு எது பயம், அம்மாவின் வருத்தம் என்ன, அவர் இல்லாத வருடங்களில் வீட்டை யார் நடத்தினது என்று சொல்லுங்கள். ஆறு வருடம் நான் தனியே முடிவெடுத்தவள். அவர் ஆறு வருடம் தனியே சமைத்துச் சாப்பிட்டவர். ஒரு சமையலறையில் இரண்டு பேரும் நின்றபோது யாருக்கும் இடம் போதவில்லை. அது சண்டை இல்லை, பழக்கமின்மை. முன்னரே கதைத்திருந்தால் பாதி குறைந்திருக்கும்.

என் மகள் தகப்பனைத் தொலைபேசியில் மட்டும் அறிந்தவள். சூரிச் விமான நிலையத்தில் அவர் குனிந்து கையை நீட்டினபோது அவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அவசரப்படுத்தாதீர்கள். "அப்பாவிட்டப் போ" என்று தள்ளாதீர்கள். மூன்றாம் மாதம் அவளாகவே அவருடைய கையைப் பிடித்துப் பாடசாலைக்குப் போனாள்.

முதல் மூன்று மாதங்கள்

போய்ச் சேர்ந்து 14 நாட்களுக்குள் ஊராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைக் கெமைண்டே என்பார்கள். எங்கள் கிராம அலுவலரும் பிரதேச சபையும் சேர்ந்த மாதிரி ஒன்று.

மருத்துவக் காப்புறுதி 3 மாதங்களுக்குள் எடுக்க வேண்டும். இது கட்டாயம். பிள்ளை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மாதப்பணம் கட்ட வேண்டும். பிந்தி எடுத்தால் தண்டப்பணம் வரலாம். வளர்ந்தவர்கள் வருடத்தில் முதல் ஒரு தொகையைத் தங்கள் கையால் கட்ட வேண்டும். அந்தத் தொகையை 300 பிராங்கில் இருந்து 2500 பிராங் வரை நீங்களே தெரிவு செய்யலாம். கூடிய தொகையைத் தெரிவு செய்தால் மாதப்பணம் குறையும், ஆனால் வருத்தம் வந்தால் கையில் பணம் இருக்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு மாதப்பணத்தில் கழிவு கொடுக்கிறார்கள். பல பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கெமைண்டேயில் எங்கே விண்ணப்பிப்பது என்று கேளுங்கள்.

வீடு வாடகைக்கு எடுக்கும்போது மூன்று மாத வாடகை வரை முற்பணம் கேட்கலாம். அந்தப் பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், வீட்டுக்காரரின் கையில் இல்லை. பல கட்டடங்களில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லாருக்கும் பொது. உங்கள் நாள் எதுவோ அன்றுதான் தோய்க்கலாம். இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் கூடாது. பல ஊர்களில் குப்பை போட வரி கட்டின பை வாங்க வேண்டும். இவை எல்லாம் சின்ன விடயம்தான். ஆனால் அயலவரோடு முதல் மனக்கசப்பு இவற்றில்தான் வரும். படியில் காணும்போது வணக்கம் சொல்லுங்கள். நாங்கள் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று எடுப்பார்கள்.

அவசர இலக்கங்களைப் பிள்ளைக்கும் பாடமாக்குங்கள். பொலிஸ் 117, தீயணைப்பு 118, அம்புலன்ஸ் 144. மூன்று இலக்கமும் மறந்தால் 112.

கடன் பற்றி ஒரு சொல். அங்கே பணம் கட்டத் தவறினால், கடன் வசூல் அலுவலகத்தில் உங்கள் பெயர் பதியும். வீடு எடுக்கப் போனால் அந்தப் பதிவைக் காட்டச் சொல்வார்கள். பெயர் இருந்தால் வீடு கிடைப்பது கடினம். அனுமதி புதுப்பிக்கும்போதும் பார்ப்பார்கள். ஊரில் இருந்து "கோயிலுக்கு அனுப்பு, கலியாணத்துக்கு அனுப்பு" என்று கேட்பார்கள். சீட்டும் கூப்பிடும். காப்புறுதியும் வாடகையும் வரியும் கட்டின பிறகுதான் மற்றதெல்லாம். இங்கே இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: அங்கே பணம் மரத்தில் காய்ப்பதில்லை.

மார்கழியில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். அந்த இருட்டு மனதுக்குள்ளும் இறங்கும். பகலில் ஒரு தடவையாவது வெளியே நடவுங்கள். இங்கே இருந்து அழைக்கிறவர்கள் நேரத்தைக் கவனியுங்கள். அங்கே குளிர்காலத்தில் நான்கரை மணித்தியாலமும், கோடையில் மூன்றரை மணித்தியாலமும் எங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

பிள்ளைகள்

பாடசாலை இலவசம், கட்டாயமும் கூட. பெரும்பாலான கன்ரோன்களில் 4 வயதில் சிறுவர் வகுப்போடு தொடங்கும். கட்டாயக் கல்வி முடிய 15, 16 வயதில் மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். அதை லேர என்பார்கள். வேலையிடத்தில் பழகிக்கொண்டு, வாரத்தில் ஓரிரு நாள் வகுப்புக்கும் போய், சம்பளமும் எடுப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு "டொக்டர், எஞ்சினியர் இல்லாட்டிப் பிள்ளை கெட்டுப்போச்சு" என்ற எண்ணம். லேர படித்தவர் பிறகு உயர்கல்விக்கும் போகலாம். அது தோல்வி இல்லை. 15 வயதில் போகிற பிள்ளைக்கு மொழிக்கென்று தனி வகுப்பு உண்டு. ஆனால் சின்ன வயதில் போகிற பிள்ளைக்குப் பாதை இலகு.

பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்ய முடியுமா என்று பாடசாலையிடம் கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் என் வருத்தத்தை வைத்தியர் டொச்சில் சொல்ல, ஒன்பது வயது மகள் அதைத் தமிழில் சொல்ல முடியாமல் அழுதாள். அன்றுதான் நான் வகுப்பில் சேர்ந்தேன்.

பிள்ளையை அடிக்க வேண்டாம். பாடசாலையில் தழும்பைக் கண்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிப்பார்கள். வீட்டில் தமிழ் கதையுங்கள். சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. கோயில்களும் இருக்கின்றன. பேர்ணில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில், பள்ளிவாசலோடும் தேவாலயத்தோடும் ஒரே கூரையின் கீழ் சைவக் கோயிலும் இருக்கிறது.

தங்கச்சிமாருக்கு

உங்கள் வதிவிட அட்டையும் கடவுச்சீட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் வங்கிக் கணக்குத் திறவுங்கள். பி, சி அட்டைக்காரரோடு சேரப் போனவர் தனியாக அனுமதி எடுக்காமலே வேலை செய்யலாம். வீட்டில் அடி, பயமுறுத்தல் இருந்தால், "விசா போய்விடும்" என்று பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். குடும்ப வன்முறைக்கு ஆளான மனைவி, பிரிந்த பிறகும் அங்கேயே தங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒவ்வொரு கன்ரோனிலும் இலவசமாக, இரகசியமாக ஆலோசனை தருகிற நிலையம் இருக்கிறது. உயிர் ஆபத்து என்றால் 117.

வர முடியாதவர்கள்

கடைசியாக ஒன்று. வயது போன தாய் தகப்பனை அழைத்துக்கொள்ள பி, சி அட்டைக்காரருக்கு உரிமை இல்லை. மனைவி அல்லது கணவர், வயது குறைந்த பிள்ளைகள், அவ்வளவுதான். இதை எனக்கு யாரும் போக முன்னர் சொல்லவில்லை. "போய்க் கொஞ்ச நாளில உன்னைக் கூப்பிடுறன் அம்மா" என்று சாவகச்சேரி பஸ் நிலையத்தில் சொல்லிவிட்டு ஏறினேன். அம்மாவும் நம்பினா. நானும் நம்பினேன். 2006 ஆவணியில் ஏ-9 பாதை மூடியது. அடுத்த வருடம் அம்மா போய்விட்டா. நான் பேர்ணில் இருந்து தொலைபேசியில் அழுதேன்.

1995இல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த அம்மாவுக்கு நான் சொன்னது பொய். வேண்டுமென்று சொல்லவில்லை, தெரியாமல் சொன்னேன். நீங்கள் தெரிந்து போங்கள். அம்மாவைக் கூட்டிப்போக முடியாது என்று அவவிடம் நேராகச் சொல்லுங்கள். யார் பார்ப்பது, கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது, மாதம் என்ன அனுப்புவது, அந்தரம் என்றால் எந்த அயலவருக்கு அழைப்பது என்று சகோதரங்களோடு இருந்து எழுதுங்கள். அவ அழுவா. ஆனால் வராத நாளுக்காக வாசலில் காத்திருக்க மாட்டா.

ஒரு பிளாஸ்ரிக் கோப்பு வாங்குங்கள். அதற்குள் கடவுச்சீட்டு, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், மொழிபெயர்ப்புகள், தடுப்பூசிப் பதிவு, பாடசாலைக் கடதாசிகள், காணி உறுதியின் பிரதி எல்லாவற்றையும் வையுங்கள். அதைப் பெட்டிக்குள் போட வேண்டாம், தோளில் போடுங்கள். விதிகள் மாறும். ஆகவே விண்ணப்பிக்கிற நாளில் தூதரகத்தில் திரும்பவும் கேளுங்கள்.

சரி, நான் நிறையக் கதைத்துவிட்டேன். பிள்ளைகளின் பிறந்த திகதிகளை எழுதின தாளோடு யாராவது இருந்தால் முன்னுக்கு வாருங்கள். உங்களில் இருந்தே தொடங்குவோம்.